கார் இல்லாமல் ஒரு ஆங்கிலக் கிராமம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்க்கிறாள், வீடு கிங்ஹம் என்ற கிராமத்தில். மே மாதம் நானும் கணவரும் போகிறோம். காலையில் அவள் ரயிலேறிவிட்டால் மாலை வரை நாங்கள் இரண்டு பேர்தான். கார் ஓட்டத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்க வேண்டியதுதானா? (மதுரை வாசகி)

பதில்: முடங்கவே வேண்டாம் அம்மா. கார் இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள், அந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டியதில் பாதி கார் போகாத இடத்தில்தான் இருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸ் என்பது கிங்ஹம் இருக்கும் குன்றுப் பகுதி. டூர் பஸ்ஸில் ஒரே நாளில் அங்கே நாலைந்து கிராமங்களைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் பார்க்கிங், டீக்கடை, தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், அவ்வளவுதான். ஒரே ஊரில் தங்கி அதைச் சுற்றியிருக்கும் ஏழெட்டு கிலோமீட்டரைக் காலாலும் சைக்கிளாலும் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

போனதும் முதல் வேலையாக பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆரஞ்சு அட்டை போட்டிருக்கும், அதில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பிங்க் அட்டை போட்ட லேண்ட்ரேஞ்சர் இன்னும் பெரிய பரப்பைக் காட்டும், ஆனால் வயல்களின் வேலி அதில் வராது. நடக்கிறவர்களுக்கு வேலிதான் முக்கியம், ஏனென்றால் பாதை வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல்தான் பலரும் வழி தப்புகிறார்கள். பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கோடாகப் போவது நடைவழி, நீளக் கோடுகளாகப் போவது பிரைடில்வே என்கிற குதிரைவழி. போனிலும் வரைபடம் கிடைக்கும், சரி, ஆனால் பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் போய்விடும், அதனால் காகிதம் ஒன்று பையில் இருக்கட்டும்.

முதல் நடைக்கு சர்ச்சில் என்ற பக்கத்து ஊர் போதும், இரண்டரை கிலோமீட்டர்தான். அங்கே 1684-ல் பெரிய தீ விபத்து நடந்து ஊரில் பெரும்பகுதி அழிந்துபோக, மேட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். பழைய தேவாலயத்தில் மிஞ்சிய ஒரு பகுதி மட்டும் இப்போது சின்ன அருங்காட்சியகமாக இருக்கிறது. ஊருக்குள் 1891-ல் நட்ட கரடுமுரடான கல்தூண் ஒன்று நிற்கும், வில்லியம் ஸ்மித்துக்காக. 1769-ல் அந்த ஊரில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். கால்வாய் வெட்டும் இடங்களில் நில அளவை வேலை பார்த்துக்கொண்டே, எந்த மண்ணடுக்கில் எந்தப் புதைபடிவம் கிடைக்கிறது என்று கவனித்துக் கவனித்து, 1815-ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் நிலவியல் வரைபடம் (தரைக்கடியில் எந்த மண்ணடுக்கு, எந்தப் பாறை என்று காட்டுவது) போட்டவர். ஒரு நாடு முழுவதற்கும் அப்படியொரு வரைபடம் வந்தது அதுதான் முதல் முறை. அவருடைய சிறுவயதில் பிள்ளைகள் உருண்டையான சிப்பிப் படிவங்களை வைத்துக் கோலி விளையாடினார்கள், பால்பண்ணைப் பெண்கள் வெண்ணெய் நிறுக்கக் கடல் முள்ளெலி என்ற கடல்வாழ் உயிரின் படிவத்தை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். அந்த எடைக்கல் இன்றும் அந்தப் பக்கத்து உழவு மண்ணில் அகப்படும். உள்ளங்கை அளவு, பன் ரொட்டி போல் உப்பலாக, மண்ணைத் துடைத்தால் உச்சியிலிருந்து ஐந்து இதழாக விரிகிற மெல்லிய கோடுகள் தெரியும். வயது சுமார் 17 கோடி ஆண்டு. வயலோரம் நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே போங்கள். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவதுதான் முறை, நிலம் இன்னொருவருடையது.

கேள்வி: அடுத்தவர் வயலுக்குள் நடந்தால் சொந்தக்காரர் சத்தம் போட மாட்டாரா? (திருச்சி வாசகர்)

பதில்: பாதையில் நடக்கிற வரைக்கும் போட முடியாது. நிலம் அவருடையது, அதன் குறுக்கே நடக்கிற உரிமை ஊருக்குச் சொந்தம். தேவாலயத்துக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழிகள் இவை. 1949-ல் வந்த சட்டம், இவற்றையெல்லாம் வரைபடத்தில் பதிந்தே ஆக வேண்டும் என்று கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகங்களுக்கு உத்தரவு போட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டருக்கு இப்படிப் பாதைகள் இருக்கின்றன. விவசாயி வயலின் குறுக்கே போகும் பாதையை உழலாம், ஆனால் 14 நாளுக்குள் பழையபடி நடக்கிற மாதிரி ஆக்கித் தர வேண்டும், நடைவழி என்றால் குறைந்தது ஒரு மீட்டர் அகலம். வயலின் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. அதனால்தான் இடுப்பளவு கோதுமைக்கு நடுவில் வகிடெடுத்த மாதிரி ஒரு பாதை நேராகப் போகும்.

வேலி வருகிற இடத்தில் கம்பத்தில் ஒரு வட்டத் தகடு அடித்திருப்பார்கள், மஞ்சள் அம்பு என்றால் நடக்க மட்டும், நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அம்பு காட்டுகிற திசையில் எதிர்ப்பக்கத்து வேலியைக் கூர்ந்து பாருங்கள், அடுத்த கம்பமோ ஏறித் தாண்டும் மரப்படியோ தெரியும். ஸ்டைல் என்று சொல்கிற அந்தப் படி, மழைக்குப் பிறகு வழுக்கும், சேலையில் ஏறுவதும் கஷ்டம், பேன்ட்டோ சல்வாரோதான் வசதி. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டு வர வேண்டும்; இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஆடு மாடு வெளியே போய்விட்டால் விவசாயிக்கு அன்றைய நாளே போச்சு.

கேள்வி: மாடுகள் நிற்கிற வயலைக் கடக்கலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: கடக்கலாம், ஆனால் கன்றோடு நிற்கிற பசுக்களுக்கு நடுவே போகவே போகாதீர்கள். அவை மிதித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வேலியோரமாகச் சுற்றி, ஓடாமல், சத்தம் போடாமல் போங்கள். உங்களோடு நாய் வந்திருந்து, மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும்.

கேள்வி: சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் இந்தப் பாதைகளில் எல்லாம் ஓட்டலாமா? எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, மேடு ஏற முடியுமா என்றும் பயம். (சேலம் வாசகர்)

பதில்: நடைவழியில் ஓட்டக் கூடாது ஐயா. குதிரைவழியில் ஓட்டலாம், 1968-ல்தான் அதற்குச் சட்டம் அனுமதி கொடுத்தது, நடக்கிறவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணி அடிக்காதீர்கள், மிரளும். வேகத்தைக் குறைத்து ஒரு "ஹலோ" சொல்லிவிட்டு, தள்ளியே கடந்து போங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது கிராமத்துச் சின்னச் சாலைகள்தான். இரண்டு பக்கமும் ஆளுயர வேலிச்செடி, நடுவில் ஒரு கார் போகிற அகலம். நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் வேறு பலகை இல்லாத கிராமச் சாலையில் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது, காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்போன் வேண்டவே வேண்டாம். இருட்டினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மேட்டுக்குப் பயந்தால் மோட்டார் உதவி செய்கிற மின்சைக்கிள் எடுங்கள், 250 வாட் வரை லைசென்ஸ் தேவையில்லை.

கிங்ஹமிலிருந்து ஆட்ல்ஸ்ட்ராப், சேசில்டன் வழியாக ரோல்ரைட் கற்கள் என்ற பழங்காலக் கல்வட்டம் வரை போய் வாருங்கள். சேசில்டன் மாளிகை 1607-க்கும் 1612-க்கும் இடையில் கட்டியது, அந்தக் குடும்பம் நொடித்துப்போனதால் யாரும் இடித்துப் புதுப்பிக்கவில்லை, அப்படியே நிற்கிறது (திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போங்கள்). ரோல்ரைட்டில் மலைமுகட்டுச் சாலைதான் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயருக்கும் வார்விக்ஷயருக்கும் எல்லை: கல்வட்டம் இந்தப் பக்கம், ராஜா கல் என்கிற தனிக்கல் அந்தப் பக்கம். வட்டத்தின் வயது நாலாயிரம் ஆண்டுக்கு மேல். மூன்று முறை எண்ணி மூன்று முறையும் ஒரே கணக்கு யாருக்கும் வராது என்று அங்கே ஒரு நம்பிக்கை, அரித்துப் பொத்தலாகிப்போன அந்தக் கற்களைப் பார்த்தால் எது ஒரு கல், எது இரண்டு என்று நிஜமாகவே குழப்பும்.

கேள்வி: நம் நாட்டோடு தொடர்புள்ள இடம் ஏதாவது அங்கே உண்டா? (சென்னை வாசகர்)

பதில்: உண்டு, அதுவும் சென்னையோடே. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1732-ல் பிறந்தது அதே சர்ச்சில் கிராமத்தில். 1769-லிருந்து 1772 வரை அவர் மதராஸ் கவுன்சிலில் இருந்தார், அதற்குப் பிறகுதான் வங்காளத்தின் ஆளுநரானார். குடும்பம் இழந்த டேல்ஸ்ஃபோர்ட் எஸ்டேட்டை 1788-ல் திரும்ப வாங்கினார். இந்தியாவில் அவர் செய்தவற்றுக்காகப் பாராளுமன்றத்தில் விசாரணை தொடங்கியதும் அதே வருடம்தான், 1795-ல் விடுதலையானார். 1818-ல் இறந்தபோது டேல்ஸ்ஃபோர்ட் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கிங்ஹமிலிருந்து நடந்தே போகலாம். இப்படிப்பட்ட எஸ்டேட்டுகளை வாங்கிய பணம் எங்கிருந்து போனது என்ற நினைப்போடு போங்கள், நம்மவர்கள் அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் சரி. இன்னும் கொஞ்சம் தள்ளி செசின்கோட் என்ற மாளிகை இருக்கிறது, கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த சார்லஸ் காக்கரெலுக்காக அவர் அண்ணன் சாமுவேல் கட்டிக் கொடுத்தது, முகலாய பாணியில் வெங்காயக் கும்மட்டத்தோடு. போர்ட்டன்-ஆன்-த-ஹில்லிலிருந்து லாங்பரோவுக்குப் போகிற நடைவழி அதன் பூங்காவுக்குள்ளேயே போகிறது, ஆட்டு மந்தைக்கு மேலே அந்தக் கும்மட்டத்தைப் பாதையிலிருந்தே பார்க்கலாம்.

கேள்வி: மழையும் சேறும் அதிகம் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: குளிர்காலத்தில் சேறு கணுக்கால் வரை ஏறும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். மே மாதம் அருமை, முதல் பாதிக்குள் போனால் பழைய காடுகளில் புளூபெல் பூ தரையெல்லாம் நீலமாகக் கிடக்கும், ஒன்பது மணி வரை வெளிச்சம். மழைக்கோட்டும் பிடிமானமுள்ள ஷூவும் எடுத்துப் போங்கள். பாதையோரம் நெட்டில் என்ற செடி நம் செந்தட்டி மாதிரியே அரிக்கும், முழுக்கால் உடை போட்டால் தொல்லை இல்லை. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கிராமத்து பஸ்ஸை நம்பி தூரமாக நடந்துவிடாதீர்கள், பல ஊர்களில் அன்றைக்கு பஸ்ஸே கிடையாது.