டெபியன் லினக்ஸ் நிறுவும்போது ‘சீடி டிரைவ் இல்லை’ என்கிறது, புது டிரைவ் வாங்கவா?

பொறுங்கள், இப்போதைக்கு வாங்க வேண்டாம். சீடியிலிருந்து பூட் ஆகி, மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டு முடித்த பிறகு ‘சீடி டிரைவ் எதுவும் அகப்படவில்லை’ என்று வருவதாக எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் எனக்கும் இதே கூத்துத்தான்.

சித்தியின் மகன் ஒரு பழைய கணினிக்கு டெபியன் போடப் பார்த்திருக்கிறான். இந்தச் செய்தி வந்ததும் யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் புது டிவிடி டிரைவ் வாங்கி மாட்டினான். மறுபடியும் அதே செய்தி. பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது: “அண்ணா, இவ்வளவும் சீடியில இருந்துதானே வந்தது? இப்ப டிரைவே இல்லை எண்டு சொல்லுது!”

விடயமே அவன் கேட்டதில்தான் இருக்கிறது. சீடித் தட்டை இரண்டு பேர் தனித்தனியே வாசிக்கிறார்கள். முதலில் பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்). கேர்னலையும் (இயங்குதளத்தின் கருப்பகுதி) நிறுவியின் ஆரம்பப் பகுதியையும் மெமரிக்குள் ஏற்றிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். மொழி கேட்கும் திரைகள் எல்லாம் மெமரியிலிருந்தே ஓடுபவை. அதன்பிறகுதான் கேர்னல் தன் சொந்த முயற்சியில் டிரைவைத் தேடத் தொடங்கும். பயோஸ் கண்ட டிரைவ் கேர்னலின் கண்ணில் படாமல் போகலாம்.

அந்தத் திரையிலேயே ஆல்ட், எஃப்2 அழுத்துங்கள் (படத்திரை நிறுவி என்றால் கன்ட்ரோலும் சேர்த்து). கட்டளைத் திரை வரும். ‘டெவ்’ கோப்புறைக்குள் ‘எஸ்ஆர்0’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவ் தெரிகிறது, தட்டில்தான் சந்தேகம். நீங்கள் இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (சீடியின் முழுப் பிரதி) ஷா256 எண்ணை (கோப்பு பழுதில்லையா என்று பார்க்கும் எண்) சரிபார்த்து, குறைந்த வேகத்தில் வேறு தட்டில் எழுதிப் பாருங்கள்.

‘எஸ்ஆர்0’ இல்லாவிட்டால் அதேபோல எஃப்4 திரைக்குப் போங்கள். கேர்னல் தன் புலம்பல்களை அங்கேதான் கொட்டும். எங்கள் கணினியில் சாட்டா இணைப்பை (டிரைவைத் தாய்ப்பலகையோடு இணைப்பது) மீட்டமைப்பதாகவே வரிக்கு வரி வந்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து கேபிளைக் கழற்றினால், நுனியில் பழைய பித்தளைச் செம்பில் படிவதுபோல மெல்லிய பச்சை. வீடு கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பதால் உப்புக்காற்றின் வேலை என்பது என் கணிப்பு. தம்பி டிரைவை மாற்றினானே தவிர, பழைய கேபிளையே திரும்பச் செருகியிருந்தான். வேறு கேபிள் போட்டதும் நிறுவி மறுபேச்சில்லாமல் நகர்ந்தது.

கேபிள் சரியென்றால் பயோஸில் சாட்டா முறையைப் பாருங்கள். ரெயிட் அல்லது ஐடிஈ என்றிருந்தால் ஏஎச்சிஐக்கு மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அதே கணினியில் விண்டோஸ் இருந்தால் கவனம், மாற்றியபின் அது நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும். வெளியே மாட்டும் யூஎஸ்பி டிரைவ் என்றால் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். முன்பக்கத்தில் மின்சாரம் போதாமல் போவதுண்டு.

இனி ஒரு கேள்வி: உங்களிடம் இருப்பது உண்மையில் சீடிதானா? பென் டிரைவிலிருந்து நிறுவினாலும் டெபியனின் பழைய பதிப்புகள் ‘சீடி’ என்றுதான் சொல்லும். அப்படியென்றால் பெரும்பாலும் பென்னைத் தயாரித்த விதத்தில்தான் கோளாறு. யூநெட்பூட்டின் போன்ற பென் தயாரிக்கும் மென்பொருள்கள் ஐஎஸ்ஓவைப் பிரித்துக் கோப்புகளாகப் போட்டுவிடும். நிறுவி தேடும் சீடி அமைப்பு அதில் இருக்காது. ரூஃபஸ் என்ற மென்பொருளில் எழுதும்போது ‘டிடி’ முறையைத் தேர்ந்தெடுங்கள், அப்படியே பிரதியாகும். திரும்ப எழுதப் பஞ்சியாக இருந்தால், அந்தக் கட்டளைத் திரையில் பென்னின் பகுதியை (அநேகமாக ‘எஸ்டிபி1’) ‘சீடிரோம்’ கோப்புறையில் நீங்களே மவுண்ட் செய்துவிட்டு (அதாவது இணைத்துவிட்டு), நிறுவிக்குத் திரும்பி அந்தப் படியை மறுபடி ஓட்டுங்கள். அங்கே ஏற்கெனவே ஏதாவது மவுண்ட் ஆகியிருந்தால் நிறுவி மேற்கொண்டு தேடுவதில்லை.