தாத்தாவின் நாணயப் பெட்டி: விற்பதா, விடுபட்டதைச் சேர்ப்பதா?

தாத்தா விட்டுச்சென்ற பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் வரிசையில் சில ஆண்டுகள் இல்லை, விற்கலாமா, நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவானாலும், முதலில் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! அந்தக் கருமை போனால் சேகரிப்பாளர் தரும் விலையும் போய்விடும்.

எந்த ஆண்டு விடுபட்டிருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த வரிசையில் 1939 மட்டும் இல்லையென்றால், வரிசை நிறைய வேண்டும் என்பதற்காக அதை வாங்காதீர்கள். அது மிக அரியது, போலிகளும் அதிகம். 1938-இன் கடைசி எட்டை ஒன்பதாகச் செதுக்கியிருக்கலாம். லென்ஸ் வைத்து அந்த இலக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். விடுபட்டவை 1940-களின் ஆண்டுகள் என்றால் நிதானமாகத் தேடிச் சேர்க்கலாம். அது மனதுக்கு நிறைவான வேலை.

விற்பதென்றால் நகைக்கடைக்குப் போகாதீர்கள், அங்கே வெள்ளி எடைதான் கணக்கு. 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. அப்புறம் வந்தவை நிக்கல். நூறு ஆண்டு கடந்த நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

என் அப்பா ஒவ்வொரு நாணயத்தையும் பழைய கல்யாணப் பத்திரிகைத் துண்டில் மடித்து, வாங்கிய தேதியை எழுதி வைத்திருந்தார். நான் இரட்டையாக இருந்தவற்றை மட்டும் விற்றேன். உங்கள் பெட்டியிலும் அப்படிக் குறிப்பு இருந்தால் நாணயத்தோடு சேர்த்தே வையுங்கள்.