கேம்பர் வேனில் நாயோடு போகும்போது பின்ஜன்னலைத் திறந்துவிட்டால் போதுமா?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகும் வழியில் வேனுக்குள் புகை வாசம் வருகிறது, பின்ஜன்னலைத் திறந்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வண்டி ஓடும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் குறையும். புகைக்குழாய் விடும் புகை அந்த ஜன்னல் வழியாகவே உள்ளே இழுக்கப்படும். உங்கள் நாய் படுத்திருப்பதும் அங்கேதான்! பின்பக்கத்தை மூடிவிட்டு, முன்ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, ஃபேனில் வெளிக்காற்றை எடுங்கள்.

ஆனால் வாசம் வருகிறது என்றாலே எங்கோ ஓட்டை இருக்கிறது. புறப்படும் முன் புகைக்குழாயையும் பின்கதவு ரப்பரையும் பட்டறையில் காட்டிவிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது அந்தப் புகையில் கலந்திருக்கும், வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்குத்தான். அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பூனை, பறவை போன்ற சின்ன உயிர்கள் வேகமாக மூச்சு விடுவதால் சீக்கிரம் பாதிக்கப்படும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

நம் வெயிலுக்கு, நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ஏர்கோனுக்காக இஞ்சினை ஓடவிட்டு நாயை உள்ளே விட்டுப் போகிறவர்கள் உண்டு. அதுவும் ஆபத்து. இஞ்சினை அணைத்தாலோ சூடு கொன்றுவிடும். அதனால் ஒருவர் நாயோடு வெளியே நிழலில் நிற்பதே சரி.

நாய் தள்ளாடினால், வாந்தி எடுத்தால், எழுப்பியும் எழாமல் கிடந்தால், உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் கொஞ்சம் தெளிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போய், புகை பட்டது என்று முதலிலேயே சொல்லுங்கள்.