ஏற்காடு விடுதி வைஃபை: 169.254 எங்கிருந்து வருகிறது?

வணக்கங்க. சனி, ஞாயிறு கூட்டத்தில் மட்டும் வைஃபை இணைந்தும் நெட் வரவில்லை, லேப்டாப்பில் 169.254 என்று முகவரி காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். டிஎச்சிபி (இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு) பதில் தராதபோது லேப்டாப் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது.

நீங்கள் போட்ட ரூட்டர் அமைப்புப் படத்தில் டிஎச்சிபி கொடுக்கும் வரம்பு 192.168.1.100 முதல் 149 வரை, 50 முகவரிதான். லீஸ், அதாவது ஒரு முகவரி ஒரு கருவிக்கு ஒதுக்கப்படும் காலம், 24 மணி நேரம். காலையில் அறையைக் காலி செய்தவர் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேர்ந்தாலும், அவர் போனுக்குக் கொடுத்த முகவரி லீஸ் முடியும்வரை அவர் பேரில்தான் கிடக்கும். அடுத்து வருபவருக்கு எதுவும் மிஞ்சாது.

லீஸை 2 மணி நேரமாக்குங்கள். தங்கியிருப்பவர் போன் பாதி நேரத்திலேயே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், பயம் வேண்டாம். அப்புறம் வரம்பை 20 முதல் 250 வரை விரியுங்கள். சிசிடிவிக்குக் கையால் கொடுத்த முகவரி மட்டும் அதற்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.