சில எரிமலைகள் வெடித்துச் சிதறுகின்றன, சில வெறுமனே வழிகின்றன. ஏன் இந்த வித்தியாசம்?

குழம்பு எவ்வளவு கெட்டி, அதற்குள் எவ்வளவு நீர் கரைந்து கிடக்கிறது: பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம். மலையின் வடிவமும் சுற்றியுள்ள நிலத்தின் கதியும்கூட இவற்றைப் பொறுத்தவைதான்.

நம் காலுக்கடியில் தீக்குழம்புக் கடல் ஒன்று தளும்பிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப் பாறை. அவ்வளவு சூட்டிலும் அது உருகாததற்குக் காரணம், மேலிருந்து அழுத்தும் பாரம். அந்தப் பாறை மெல்ல மேலேறி அழுத்தம் குறைந்தால் உருகும். ஹவாயிலும் ஐஸ்லாந்திலும் நடப்பது இது. இன்னொரு வழி, நீர். மேலோடு பல பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. கடலடித் தட்டு வேறொரு தட்டுக்கு அடியில் புகும்போது, அதன் கனிமங்களில் பிணைந்திருந்த நீர் சுமார் 100 கி.மீ. ஆழத்தில் பிரிந்து மேலேயுள்ள கவசப் பாறைக்குள் ஏறி உருகுநிலையைக் குறைத்துவிடும். ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆண்டிஸ் எரிமலைகள் எல்லாம் இந்த வகை.

மேலே வரும் குழம்பு பசால்ட் எனும் வகையாக இருந்தால், மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா ஏறத்தாழ 50%, வெப்பம் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ். இளகிய குழம்பு, குமிழிகள் சுலபமாகத் தப்பிவிடும். ரயோலைட் எனும் வகையில் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல், வெப்பமோ 700 முதல் 850 டிகிரிதான். சிலிக்கா சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் குழம்பு நகரவே மறுக்கும். தட்டு புகும் இடங்களில் உருவாகும் குழம்பில் எடையில் 4 முதல் 6% வரை நீர் இருக்கலாம். ஆழத்தில் அது கரைந்தே இருக்கும். குழம்பு ஏற ஏற அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் பிறக்கும். குமிழிகள் குழம்பை இன்னும் மேலே தள்ள, அழுத்தம் மேலும் குறையும். கொள்ளளவில் சுமார் முக்கால் பங்கு குமிழியானதும் அந்த நுரை உடைந்து தூளாகிவிடும். வானில் எழுவது இந்தத் தூள்தான்: 2 மி.மீ.க்கும் சிறிய கண்ணாடி, பாறைத் துகள்கள். குலுக்கித் திறந்த சோடா பாட்டில் போல என்று எல்லோரும் சொல்லும் உதாரணம் பாதிதான் சரி. வாயுவைப் பிடித்துவைக்கும் கெட்டித்தன்மை அதில் விட்டுப்போகிறது.

மூடி திறந்தால் என்ன ஆகும் என்பதை 1980-ல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் காட்டியது. உள்ளே ஏறிய குழம்பு வடக்குச் சரிவை நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மே 18 காலை 8:32-க்கு 5.1 அளவு நிலநடுக்கம். வீங்கியிருந்த சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கியது, சுமார் 2.5 கன கி.மீ. பாறை. மேலிருந்த பாரம் நொடிகளில் போய்விட, வெடிப்பு மேல்நோக்கி அல்ல, பக்கவாட்டில் பாய்ந்தது. 2,950 மீட்டர் மலை 2,549 ஆனது.

வடிவத்துக்கு வருவோம். ஹவாயின் மௌனா லோவா கடல் மட்டத்திலிருந்து 4,169 மீட்டர் உயரம். ஆனாலும் சரிவு சில டிகிரிதான், இளகிய குழம்பு வெகுதூரம் ஓடிவிடுவதால். கெட்டிக் குழம்பும் சாம்பலும் மாறி மாறி அடுக்கினால் செங்குத்தான கூம்பு. பெருவெடிப்பில் அடியிலுள்ள குழம்பறை காலியானால் அதன் கூரை உள்ளே இடிந்து விழும். அந்தப் பள்ளம்தான் கால்டெரா. 1815-ல் வெடித்த இந்தோனேசியாவின் தம்போராவுடையது சுமார் 6 கி.மீ. அகலம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்பில் உண்டான, அதே நாட்டின் தோபா கால்டெராவில் இன்று 100 கி.மீ. நீள ஏரி.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் வெளியே வழியும் குழம்பான லாவா அல்ல. அதைவிட வேகமாக நடந்தே தப்பிவிடலாம். பயப்பட வேண்டியது, பல நூறு டிகிரி சூட்டில் வாயுவும் கல்தூளும் சேர்ந்து சரிவில் பாயும் பைரோகிளாஸ்டிக் ஓட்டத்துக்கு. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வரும் அதை ஓடி வெல்ல முடியாது. அடுத்தது லஹார் எனும் சேற்று வெள்ளம். 1985 நவம்பர் 13-ல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது சிறிய அளவில்தான். உச்சிப் பனி உருகிப் பள்ளத்தாக்குகளில் இறங்கிய சேறு, இரண்டரை மணி நேரம் கழித்து அர்மேரோ நகரைப் புதைத்தது. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் இறந்தவர்கள் சுமார் 23,000 பேர். மேட்டுக்கு ஏற நேரம் இருந்தது. வெளியேறச் சொல்லும் உத்தரவுதான் உரிய நேரத்தில் மக்களைச் சேரவில்லை.

சாம்பலையும் லேசாக எண்ண வேண்டாம். நனைந்த சாம்பல் 10 செ.மீ. படிந்தாலே சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ பாரம். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்த அன்றே புயல் மழையும் சேர, கூரை இடிந்துதான் பலர் இறந்தார்கள். தூசிதானே என்று தண்ணீர் அடித்துக் கழுவினால் பாரம் கூடும், வடிகாலில் இறுகி அடைத்துக்கொள்ளும். லேசாக ஈரப்படுத்திச் சுரண்டி அள்ளுவதே முறை.

எரிமலை மண் வளமானது என்பதும் உடனே பலிக்கும் விஷயமல்ல. சாம்பல் கண்ணாடித் துகள் என்பதால் சீக்கிரம் சிதைந்து பொட்டாசியம் போன்றவற்றை விடுவிக்கும், ஈரத்தையும் நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் பாஸ்பரசைப் பயிருக்குக் கொடுக்காமல் தானே இறுக்கிக்கொள்ளும். லாவாப் பாறைக்கு மழைதான் எல்லாம். ஹவாய்த் தீவின் ஈரமான கிழக்குப் பக்கத்தில் சில ஆண்டுகளிலேயே பெரணி முளைத்துவிடுகிறது. வறண்ட மேற்கில், 1801-ல் ஹுவாலலாய் கக்கிய லாவாவின் மேல் கட்டிய கோனா விமான நிலையத்தைச் சுற்றி இன்னும் பெரும்பாலும் கரும்பாறைதான்.