கருவிக்கு அல்ல, கற்றுத்தருபவருக்குக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு அறிவியலும் கணிதமும் தொழில்நுட்பமும் சொல்லித்தரும் குழுக்கள் நிதி திரட்டுவது பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன. பதில் சொல்பவர், ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவில் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர். இப்போது சிறிய அறிவியல் குழுக்களுக்கு ஆலோசனை சொல்லிவருகிறார்.

கேள்வி: வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு மின்னணுவியலும் வானியலும் சொல்லித்தருகிறோம். பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு விண்ணப்பித்துப் பார்த்துவிட்டோம். முடியாது என்றுகூட யாரும் எழுதவில்லை. விண்ணப்பத்தின் நகலை இணைத்திருக்கிறோம். என்ன குறை?

பதில்: முழுதாகப் படித்தேன். முதல் மூன்று பக்கமும் அறிவியல் கல்வி ஏன் முக்கியம் என்று பேசுகிறது. அதைப் படிக்கப்போகிறவருக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் தேடுவது வேறு. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், யார் சொல்லித்தருகிறார்கள், ஒரு சனிக்கிழமை காலையில் அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? இதற்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது அரைப் பத்தி. ஆனால் பின்னிணைப்பில் ஒரு வரி கிடக்கிறது: போன ஆண்டு வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த ஆண்டும் வருகிறார்கள், அவர்களில் சிலர் புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) பழக்குகிறார்கள் என்று. மதிப்பெண் கிடையாது, வருகைப் பதிவு கட்டாயம் கிடையாது, ஆனாலும் பிள்ளை திரும்ப வருகிறது. அந்த வரியை எடுத்து முதல் பக்கத்தின் தலையில் வையுங்கள்.

அடுத்த குறை இன்னும் பெரியது. எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கிறீர்கள். பணம் கொடுப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசிப்பதில்லை. ஒரு தனிமனிதரின் சொத்தில் உருவான அறக்கட்டளைக்கு என்று ஒரு நாட்டம் இருக்கும். நிறுவியவர் போன பிறகும் அது தொடரும். 1934-ல் தொடங்கிய ஆல்ஃபிரட் பி. ஸ்லோன் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் நூல்கள், நாடகங்கள், திரைப்படங்களுக்கு அது பல காலமாக உதவிவருகிறது. நிறுவனம் நடத்தும் அறக்கட்டளையோ தன் அலுவலகமும் ஆலையும் இருக்கும் பகுதியைத்தான் முதலில் பார்க்கும். அதே நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலும் பணம் உண்டு. அங்கே முடிவு சீக்கிரம் வரும், பணம் நிற்பதும் சீக்கிரம். ஒரு வட்டாரத்தில் பலரிடம் திரட்டி அங்கேயே செலவிடும் சமுதாய அறக்கட்டளைகள் தருவது சிறிய தொகைதான். ஆனால் பெயர் தெரியாத குழுவை நம்பி முதலில் கை நீட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை, பல இடங்களில் அது பொது ஆவணம். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் 990-பிஎஃப் என்ற படிவத்தை வரித்துறைக்குத் தர வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று ஒவ்வொரு கொடையும் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முன்கூட்டியே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டும்தான் தருவோம், கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் அறக்கட்டளைகள் குறியிட ஒரு கட்டமும் அதே படிவத்தில் உண்டு. அந்தக் கட்டத்தில் குறி இருந்தால் விண்ணப்பம் எழுதும் நேரம் மிச்சம். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதமாவது சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையோடு வெளிவரும்.

அவர்கள் கொடுத்த கொடைகளின் மூன்று ஆண்டுப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் அளவிலான குழு ஒன்றாவது அதில் இருக்கிறதா? அதற்குக் கொடுத்த தொகை என்ன? மறு ஆண்டும் கொடுத்தார்களா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த இடத்துக்கு மட்டும் எழுதுங்கள், பட்டியலில் பார்த்த அந்தத் தொகையை ஒட்டியே கேளுங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் ரோபோ கிட்டுகளும் இரண்டு 3டி பிரிண்டர்களும் தர முன்வந்திருக்கிறது. அறை வாசலில் பெயர்ப்பலகை வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் சொல்லித்தருபவருக்குக் கொடுக்கவே பணம் இல்லை. ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. என் மனத்தில் நெடுநாளாக இருப்பதையும் சேர்த்து விரிவாகவே சொல்கிறேன்.

நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தபோது தினமும் பார்த்தது இது. கருவிக்குக் கையெழுத்து வாங்குவது எளிது. ஒரே பில், அதே நிதியாண்டில் கணக்கு முடிந்துவிடும், திறப்பு விழாவுக்குப் படம் கிடைக்கும், தணிக்கையாளர் கேட்டால் பொருளைக் காட்டலாம். ஊதியம் என்று விண்ணப்பம் வந்தாலோ மேசைக்கு மேசை தயங்கி நிற்கும். அடுத்த ஆண்டும் கேட்பார்களே, நாம் நிறுத்தினால் அவர் கதி என்ன என்று. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, நடைமுறை அப்படி. அதன் விளைவையும் பார்த்திருக்கிறேன். நாசில் (பிளாஸ்டிக் உருகி வெளிவரும் முனை) அடைத்துக்கொண்ட ஒரு பிரிண்டர், அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் இல்லாமல் துணி போர்த்தி நின்றது. உறை பிரிக்காத கிட்டுகள் இருந்த அலமாரியின் சாவி, விடுப்பில் போன ஒருவரிடம் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. பிள்ளைகளுக்காகத் தந்த பணம் பிள்ளைகள் கை படாமல் தூசி படிவதைப் பார்த்து வந்த வேதனை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1969-ல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த தொடக்க நிதி சான் ஃபிரான்சிஸ்கோ அறக்கட்டளை தந்த 50,000 டாலர். காட்சிக் கருவிகளை அங்கேயே, வருபவர்கள் கண்ணெதிரே இருந்த பட்டறையில் செய்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வருபவர்களோடு பேசும் விளக்குநர்களாக நிறுத்தினார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் எழுந்த அறிவியல் மையங்கள் பல இந்தக் கூடத்தைப் பார்த்து வளர்ந்தவை. கருவி உடைந்தால் சரிசெய்ய ஒருவர், பிள்ளை திகைத்து நின்றால் பக்கத்தில் வந்து நிற்க ஒருவர் என்று ஆட்களை முதலிலிருந்தே கணக்கில் வைத்திருந்தார்கள்.

ஆகவே உங்கள் பதில் இப்படி இருக்கட்டும்: "கிட்டுகளை மகிழ்ச்சியோடு ஏற்கிறோம், இரண்டு ஆண்டுக்கு ஒரு வழிகாட்டியின் ஊதியத்தோடு சேர்த்து." பட்ஜெட்டில் அதை "நிர்வாகச் செலவு" என்று எழுதிவிடாதீர்கள், வெட்டுகிற கை முதலில் போவது அந்த வரிக்குத்தான். வாரம் ஆறு மணி நேர வகுப்பு, நான்கு மணி நேரத் தயாரிப்பு, ஆண்டுக்கு 40 வாரம் என்று பிரித்து எழுதுங்கள். உதிரி பாகம், பிள்ளைகள் வந்துபோகும் வண்டிச் செலவு, காப்பீடு எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். பிறகு மொத்தத்தை, ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துக் காட்டுங்கள். அந்த ஒற்றை எண்ணைத்தான் நிறுவன அதிகாரி தன் மேலதிகாரியிடம் எடுத்துப்போவார்.

கையெழுத்துக்கு முன் அந்த அதிகாரியை ஒரு வகுப்புக்கு அழையுங்கள். விழாவுக்கு வேண்டாம், சாதாரண வகுப்புக்கு. ஒரு சிறுமி எரியாத எல்இடி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வழிகாட்டிக்கு விடை தெரியும், சொல்லாமல் காத்திருக்கிறார், "மின்சாரம் எந்தப் பக்கம் போகும்?" என்று மட்டும் கேட்கிறார். அவளே எல்இடியின் கால்களை மாற்றிச் செருகுகிறாள். இதை நேரில் பார்த்தவருக்கு வழிகாட்டியின் ஊதியத்தைப் பற்றி எதுவும் விளக்க வேண்டியிருக்காது. நான் மனமுவந்து பரிந்துரைத்த ஊதிய விண்ணப்பங்கள் பெரும்பாலும், போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த வகுப்புகளுக்கானவை.

அவர்கள் ஊதியத்துக்கு இணங்காவிட்டால், ஒரு பிரிண்டர் போதும், மற்றதன் விலையை வழிகாட்டிக்குத் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், உங்களால் ஓட்ட முடிந்த அளவுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை தாராளமாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் அறிவியல் போட்டிக்கு ஒரே நிறுவனம்தான் பல ஆண்டாக ஸ்பான்சர். இப்போது தலைமை மாறிவிட்டது, பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டியதுதான், அந்தப் பயத்தோடு இப்போதே வேலையைத் தொடங்குங்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் திறன் போட்டி ஒன்று 1942-ல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கியது. 1998-ல் அது இன்டெல் வசம் வந்தது. 2017 முதல் ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனம் ஆதரிக்கிறது. மூன்று பெயர்கள், ஆனால் போட்டி ஒன்றுதான். காரணம், அதை நடத்தியது தொடக்கம் முதலே ஒரு லாப நோக்கற்ற அறிவியல் சங்கம். விதிமுறை, நடுவர்கள், பழைய மாணவர்களின் தொடர்பு எல்லாம் சங்கத்தின் கையில் இருந்தன. 2011-ல் வந்த கூகுள் அறிவியல் கண்காட்சியோ நிறுவனமே நடத்திய போட்டி. உலகம் முழுவதும் பிள்ளைகள் கலந்துகொண்டார்கள், சில ஆண்டுகளில் நின்றும்போனது.

உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். போட்டியின் பெயரும் மாணவர் பட்டியலும் யாருடையவை? உங்களுடையவை இல்லையென்றால் புதுப்பிக்கும்போது முதலில் அதை மாற்றக் கேளுங்கள். விலகுவதாக இருந்தால் ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்றும் எழுதிவாங்குங்கள். நல்ல உறவு இருக்கும்போதே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

கேள்வி: நிதி தருபவர்கள், பிள்ளைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததா என்று காட்டச் சொல்கிறார்கள்.

பதில்: பணிவாக மறுத்துவிட்டு, மாற்றுக் கணக்கு ஒன்றைக் கையில் கொடுங்கள். அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2009-ல் வெளியிட்ட அறிக்கை, பள்ளிக்கு வெளியே நடக்கும் அறிவியல் கற்றலை ஆறு இழைகளாகப் பிரித்தது. அதில் முதல் இழையே ஆர்வமும் உற்சாகமும். அறிவியலைக் கற்பவராகத் தன்னையே பார்ப்பது ஆறாவது. வாரம் இரண்டு மணி நேர வகுப்பின் பயனைப் பள்ளி மதிப்பெண்ணிலிருந்து பிரித்தெடுக்கவும் முடியாது. மறுபடி வந்தவர்கள் எத்தனை பேர், முதல் மாதம் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் என்ன, ஆறாம் மாதம் கேட்டவை என்ன, அவர்களாகச் செய்துபார்த்தது என்ன என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

கேள்வி: காற்றையும் நீரையும் கெடுக்கும் நிறுவனத்திடம் வாங்கலாமா? எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

பதில்: ஒரே விடை எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் ஒரு கோடு எனக்கு உறுதியாக உண்டு: இன்னதைப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு பணம் வந்தால், அதை வாங்கக் கூடாது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2021-ல் பருவநிலை பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. ஷெல் எண்ணெய் நிறுவனம் அதற்கு ஸ்பான்சர். ஷெல்லின் நற்பெயருக்குக் குந்தகமாக அருங்காட்சியகம் எதுவும் சொல்லக் கூடாது என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தது வெளியே வந்து, பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆற்று நீரைச் சோதிக்கக் கற்ற பிள்ளை, ஆலைக்குக் கீழே எடுத்த நீரில் ஆக்ஸிஜன் ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்கத்தான் செய்யும். அந்தக் கேள்வியை நீங்கள் அடக்க வேண்டிவந்தால் அங்கே அறிவியல் வகுப்பு நடக்கவில்லை. ஒப்பந்தத்தில் பேச்சுரிமையைக் கட்டும் வரி இருக்கிறதா என்று குழு முழுவதும் உட்கார்ந்து வாசியுங்கள். பணம் வருவதற்கு முன்பே, யாரிடம் வாங்க மாட்டோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர்தான், அமைப்பாகப் பதிவுகூடச் செய்யவில்லை. எங்களுக்கு யார் தருவார்கள்?

பதில்: நிறுவனங்கள் இப்போதைக்குத் தராது. பதிவும் தணிக்கை செய்த கணக்கும் இல்லாத இடத்துக்குப் பணம் அனுப்ப அவர்களின் விதி விடாது. நூலகம், அறிவியல் சங்கம் என்று ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அமைப்பின் கீழ் உங்கள் வகுப்பை நடத்தக் கேளுங்கள். பணம் அவர்கள் கணக்குக்கு வரட்டும், செலவுக் கணக்கை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கணக்குப் பார்ப்பதற்கு ஒரு சிறு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வது நியாயமே. எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அதுவரை பொறியாளர்களைத் தேடுங்கள். ஃபர்ஸ்ட் என்ற ரோபோ போட்டி அமைப்பை டீன் கேமன் 1989-ல் நிறுவினார். 1992-ல் நடந்த முதல் போட்டியில் 28 அணிகள்தான் இருந்தன. நிறுவனங்கள் பணத்தோடு தங்கள் பொறியாளர்களையும் அணிகளுக்கு அனுப்பின, பிள்ளைகளோடு பக்கத்தில் நின்று வேலை செய்ய. அப்படி ஒருவர் உங்கள் வகுப்புக்குச் சில மாதம் வந்துவிட்டால், அவர் நிறுவனத்துக்குள் உங்களுக்காகப் பேச ஓர் ஆள் இருக்கிறார். ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாக நிறுவனமும் தரும் வழக்கத்தை ஜெனரல் எலக்ட்ரிக் 1954-ல் தொடங்கியது. இன்று பல நிறுவனங்களில் அது உண்டு, சிலவற்றில் ஊழியர் தொண்டுக்குச் செலவிட்ட மணி நேரத்துக்கும் தொகை தருகிறார்கள். படிவத்தை நிரப்ப வேண்டியவர் அந்த ஊழியர்தான், ஆகவே அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் வந்த தேதியையும் நேரத்தையும் இந்த வாரத்திலிருந்தே குறித்துவையுங்கள். படிவத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.