நார்வே ஃபுட்பால் டாப் லீக்ல ஒரு டிஃபெண்டரோட கரியர் எப்படி இருக்கும்?

எலிட்டசெரியன்னா நார்வேயோட முதல் டிவிஷன், 16 டீம், ஆளுக்கு 30 மேட்ச். டிஃபெண்டர்னா கோல் விழாம தடுக்கற ஆளு, வீட்டுக் கூரை மாதிரி, ஒழுகாத வரைக்கும் யாரும் நிமிர்ந்து பாக்க மாட்டாங்க.

அங்க குளிர்காலம் ரொம்ப கடுமை, அதனால சீசன் வசந்தத்துல ஆரம்பிச்சு வருஷக் கடைசிக்குள்ள முடிஞ்சிடும், பல கிளப்ல புல்லே செயற்கை புல்லுதான். ஆனா ஜெர்மனி இங்கிலாந்துல சீசன் ஆகஸ்ட்ல தொடங்குதே, அப்ப இவங்களுக்கு பாதி சீசன்தான் ஆகியிருக்கும், நல்லா ஆடற பையனை அப்பவே பெரிய கிளப் வந்து தூக்கிட்டு போவாங்க. அதான் இந்த லீக்ல நல்ல டிஃபெண்டர் ரொம்ப நாள் தங்கறது கஷ்டம்.

ஃப்ரெட்ரிக் பியோர்க்கன எடுத்துக்கங்க, லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்து டிஃபெண்டர், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்க இருக்கற போடோ ஊர்க்காரர், அவங்க அப்பாவும் அதே போடோ கிளிம்ட் கிளப்போட பழைய ஆட்டக்காரர், கோச்சாவும் இருந்தவர். 2020, 2021 ரெண்டு வருஷமும் டீம் சாம்பியன், அடுத்து 2022ல ஜெர்மனியோட ஹெர்தா பெர்லினுக்கு போனாரு, அங்க சரியா வாய்ப்பு கிடைக்கல, கொஞ்ச நாள் நெதர்லாந்து கிளப் ஃபெயனூர்டுக்கு லோன்ல, அதாவது இரவல் ஆட்டக்காரரா, போயிட்டு 2023ல ஊருக்கே திரும்பி வந்துட்டாரு. எனக்கு இந்த திரும்பி வந்த பகுதிதான் ரொம்ப பிடிச்சது.

வெளிநாட்டுல இருந்து திரும்பினா கரியர் முடிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு, அவர் திரும்பின அந்த 2023லயே கிளிம்ட் மறுபடி சாம்பியன், 2025ல ஐரோப்பிய கிளப்புகளோட ரெண்டாம் நிலை போட்டியான யூரோப்பா லீக்ல செமிஃபைனல், எந்த நார்வே கிளப்பும் அதுக்கு முன்னாடி ஐரோப்பிய போட்டில அவ்வளவு தூரம் போனதில்ல.